இவருக்குப் பிடித்தது

"அத்தை, மாமாவுக்கு ரொம்பப் பிடிச்சது எதுன்னு சொல்லிட்டீங்கன்னா அத மொதல்ல அடுப்புல ஏத்திடலாம்" என்றாள் எழில். மருமகள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. சின்ன வெங்காயத்தை முறத்தில் கொட்டிக்கொண்டே, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நானும் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். இவரோடு ஐம்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் பண்ணினவள் நான், இவர் இருமினால் அது சளியா சலிப்பா என்று பக்கத்து அறையிலிருந்தே சொல்லக்கூடியவள், திறந்த வாய் திறந்தபடி நின்றது. உள்ளே ஒன்றும் இல்லை. பெயர் மறந்துபோனால் நாக்கு நுனியில் வந்து நிற்கும், கொஞ்சம் பொறுத்தால் விழுந்துவிடும். இது அப்படி இல்லை, நுனியிலும் இல்லை, அடியிலும் இல்லை. "அவருக்கு எல்லாமே பிடிக்கும்" என்றேன். எழில் சிரித்தாள். "எல்லாத்தையும் சமைக்க முடியுமா அத்தை, இருக்கறது ரெண்டு அடுப்பு" என்றாள். இன்றைக்கு இவருக்கு முப்பதாம் நாள். பதினாறாம் நாள் காரியமெல்லாம் முறைப்படி முடிந்து ஊரும் உறவும் சாப்பிட்டுக் கலைந்துவிட்டது. முப்பது கும்பிடுவது வீட்டோடுதான், பந்தல் கிடையாது, பத்திரிகை கிடையாது. இவர் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, இருந்தபோது எதற்கெல்லாம் ஆசைப்பட்டாரோ அதையெல்லாம் சமைத்து வைத்துப் படைக்க வேண்டும், அவ்வளவுதான். நேற்று வரைக்கும் நானும் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாத்தனார் குஞ்சம்மா உட்கார்ந்திருக்கிறாள், இவருக்கு ஒரே தங்கை. சாவு வீட்டுச் சாஸ்திரம் அத்தனையும் அவளுக்குத் தெரியும், தெரியாததையும் தெரிந்த குரலில் சொல்லிவிடுவாள். "ஆசப்பட்டது எலையில இல்லேன்னா மனசுல கொறையோட போவாரு அண்ணி. போவவும் மாட்டாரு, வாசலயே சுத்திக்கிட்டு நிப்பாரு" என்று அங்கிருந்தே சொன்னாள். எனக்கு முதலில் வந்த நினைப்பு, சுற்றட்டுமே என்பதுதான். சுற்றினால் என்ன. தெரியாத இடத்துக்குப் போய் யாரோடு பேசப்போகிறார், இங்கேயே கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கட்டும், எனக்கும் ஒரு துணையாக இருக்கும். அடுத்த நிமிஷமே அந்த நினைப்பு மாறியது. சுற்றுவது என்றால் பசியோடு சுற்றுவது. இவருக்குக் கேட்கத் தெரியாதே. குழம்பில் உப்பு இல்லை என்றால் இல்லை என்று சொல்லமாட்டார், பேசாமல் சாப்பிட்டு எழுந்திருப்பார், பிறகு நான் உட்கார்ந்து முதல் வாய் வைக்கப்போகும்போது உப்பு ஜாடியை என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போவார். அந்த மனிதர் வாசலில் நின்றுகொண்டு எனக்கு இன்னது வேண்டும் என்று யாரிடம் சொல்வார். நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். இலை போடுவதற்குள் கண்டுபிடித்து வைக்க வேண்டும், வேறு யார் இருக்கிறார்கள். வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருக்கிறேன், கண்ணில் தண்ணீர் வருகிறது, இது வெங்காயத்தால் வருவது, எழில் அப்படி நினைக்கமாட்டாள், இதோ கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வருகிறாள், வேண்டாம் போ என்று தலையை ஆட்டினேன்.

"இதுக்குப் போயி யோசனையாம்மா. அப்பாவுக்குப் பூரி கெழங்குதான்" என்று மூத்தவள் மங்கை மாவைப் பிசைய உட்கார்ந்துவிட்டாள். அவள் குரலில் ஒரு சந்தேகமும் இல்லை. தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாளே, இவர் வேலை பார்த்த ஜவுளிக்கடைக்கு லீவு விட்டால் போதும், இவர் காலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு ஓட்டலுக்குப் போவார். ரெண்டு பூரி செட். உப்பி வந்த பூரியை விரலால் குத்தி, அதிலிருந்து ஆவி வருவதைப் பார்த்துச் சிரிப்பாராம். "அந்தச் சிரிப்ப நீ பாத்ததில்லம்மா. சின்னப் புள்ள மாதிரி இருப்பாரு" என்று மங்கை சொல்லும்போது மாவு பிசைகிற கை நின்றுபோயிற்று. நான் பார்த்ததில்லைதான். வீட்டில் பூரி போட்டால் இவர் சாதாரணமாகத்தான் சாப்பிடுவார், குத்தியதும் இல்லை, சிரித்ததும் இல்லை. ஆனால் மங்கை சிறுமியாக இருந்தபோதிலிருந்தே அவளுக்குப் பூரி என்றால் உயிர், எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே நிற்பாள், உப்புகிறதா உப்புகிறதா என்று கேட்டு என் பிராணனை வாங்குவாள். அது அவளுடைய பூரி. அதற்குள் மகன் ஞானம் பையோடு வந்து சேர்ந்தான். பை தானாக அசைந்தது. பூம்புகார் மீன் வண்டிக்காரனைக் காலையிலேயே நிறுத்தி வாங்கியிருக்கிறான். "நண்டு இல்லாம அப்பாவுக்கு எலயா. அத்த, கவுச்சி வைக்கலாம்ல" என்றான். குஞ்சம்மா தாராளமாக வைக்கலாம் என்று உத்தரவு கொடுத்தாள். நான் சொல்ல வந்ததை முழுங்கினேன். நண்டு இவருக்கு ஆகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் கழுத்தும் முதுகும் தடித்துப்போகும், சொரிந்து சொரிந்து சிவந்துபோகும், நான் கதவைச் சாத்திக்கொண்டு தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன். ஞானம் பால்பல் விழுந்த வயசிலேயே நண்டுக்கால் உடைக்கப் பழகியிருந்தான், அம்மிக்கல்லில் வைத்து நசுக்கி, உள்ளே இருக்கிற வெள்ளைச் சதையைப் பிய்யாமல் எடுத்து, முதல் துண்டை அப்பா வாயில்தான் வைப்பான். "புள்ளைக்குத் தெரிய வேணாம் தையல். ஆசையா ஒடச்சுக் குடுக்குறான்" என்று பெயர் சொல்லி என்னைக் கேட்டுக்கொள்வார் இவர், முதுகைக் காட்டிக்கொண்டு. இப்போது அவன் தலை நரைத்துவிட்டது, மூக்குக் கண்ணாடி போட்டிருக்கிறான், அதே மாதிரி குனிந்து கொல்லையில் நண்டு கழுவுகிறான், தோள் ரெண்டும் குலுங்குகிறது, அழுகிறான் போலிருக்கிறது. இவனிடம் போய் எதைச் சொல்வது. செத்த பிறகும் உங்களுக்கு நண்டு உண்டு, சொரிந்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு என்றா சொன்னேன். இப்படித்தான் கொஞ்ச நாளாக, இவர் இவர் என்று நினைத்துக்கொண்டே வந்து திடீரென்று நேரே பேசிவிடுகிறேன். பேசினால் என்ன, நேரே கேட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது, உங்களுக்கு என்னதான் பிடிக்கும், சொல்லித் தொலையுங்கள். சொல்லமாட்டார். அந்த ஜவுளிக்கடை பண்ணின வேலை அது. மாயவரம் கடைத்தெருவில் அந்தக் கடையில் இவர் சேரும்போது இவருக்கு மீசை கூட ஒழுங்காக வரவில்லை, வெளியே வரும்போது முழுத்தலையும் வெளுத்திருந்தது. வெள்ளை விரிப்பு மெத்தையில் காலை மடித்து உட்கார்ந்து புடவை விரித்துப் போட்டே போன காலம். பிறகு கவுண்ட்டர் வந்தது, நாளெல்லாம் நின்று நின்று கால் வீங்கிப்போய் வருவார். ஒரு தடவை நான் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அவர்களோடு போயிருந்தேன், அப்போதுதான் இவர் வேலை செய்வதைப் பார்த்தேன். விரித்ததில் ஒன்றை எடுத்துத் தன் தோளிலேயே போட்டுக் காட்டினார். கரும்பச்சையில் அரக்குக் கரை. கல்யாணப் பெண்ணைப் பார்த்து, இதுதாம்மா எனக்குப் புடிச்சிருக்கு என்றார், முகமெல்லாம் மலர்ந்துபோய். அந்தப் பெண் அதையே எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், உங்களுக்குப் பச்சை பிடிக்குமா, எனக்கு ஒரு நாளும் எடுத்ததில்லையே என்று. கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். இவர் சிரித்தார். "அவங்க கண்ணு ரெண்டாவது தடவ எதுல போயி விழுவுதுன்னு பாத்துக்கிட்டே இருக்கணும் தையல். அத எடுத்து நல்லாருக்குன்னு சொன்னாப் போதும்." பொய் சொல்லித்தானே விற்கிறீர்கள் என்றேன். "பொய் இல்ல. அந்த நேரத்துல எனக்கும் அதுதான் நெசமாவே புடிச்சிருக்கும்" என்றார். அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, சோறு வைக்கப் போய்விட்டேன். இன்றைக்கு வெங்காயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வருகிறது. மங்கைக்கு முன்னால் உட்கார்ந்தால் பூரி. ஞானத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் நண்டு. பொய் இல்லை. அந்த நேரத்தில் நிஜமாகவே பிடித்திருக்கும். அப்படியானால் என் முன்னால் உட்கார்ந்தால்.

வத்தக்குழம்பு. இதை எப்படி மறந்தேன், இவருக்கு வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் போதுமே. அப்பாடா என்று இருந்தது, மணத்தக்காளி வற்றல் டப்பா மேல் தட்டில் இருக்கிறது, "எழில், அந்த டப்பாவ எடு" என்று சொல்லியும்விட்டேன். இவராக வாயைத் திறந்து கேட்டது இந்த வீட்டில் அது ஒன்றுதான். "தையல், இன்னிக்கு வத்தக்கொழம்பு வையேன்" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றுவார். நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, பூண்டைத் தட்டாமல் முழுசாகப் போட்டு, கெட்டியாக இறக்குவேன். ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். எழில் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டாள், மூடியைத் திறக்கிறேன், வற்றல் வாசனை வருகிறது, என் அம்மா வீட்டுக் கொல்லையில் தட்டில் பரப்பி மோரில் ஊறவைத்துக் காயவைக்கிற வாசனை, அங்கே எனக்கு இது என்றால் பைத்தியம், வறுத்த வற்றலை அப்படியே அள்ளித் தின்பேன். எனக்கு. எனக்கல்லவா பைத்தியம். கை நின்றுவிட்டது. இவர் எப்போதெல்லாம் கேட்டார் என்று யோசிக்கக் கூடாது என்று நினைத்தேன், நினைக்கும்போதே ஒவ்வொன்றாக வந்து நின்றது. மங்கையைக் கல்யாணம் பண்ணிக் கொடுத்து அனுப்பிய மறுநாள், வீடு வெறிச்சென்று கிடந்தது, நான் எழுந்திருக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன், அன்றைக்குக் கேட்டார். மாமியார் எல்லோர் எதிரிலும் என் அப்பாவை ஒரு வார்த்தை சொன்ன அன்றைக்குக் கேட்டார். எனக்குக் கர்ப்பப்பையை எடுத்த பிறகு ஒரு மாசம் வாய்க்கு எதுவும் பிடிக்காமல் கிடந்தேனே, அப்போது கேட்டார், நான் வைக்க முடியாது என்று தெரிந்து தானே வைத்தார், வற்றலைக் கருக்கிவிட்டார், எப்படி இருக்கு எப்படி இருக்கு என்று நான் முழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் அம்மா செத்துத் தீட்டு முடிந்து திரும்பி வந்த அன்றைக்குக் கேட்டார். என் மனசு நன்றாக இருந்த ஒரு நாளில், ஒரே ஒரு நாளில் கேட்டிருக்கிறாரா என்று தேடுகிறேன். கிடைக்கவில்லை. புருஷனுக்கு இது என்றால் உசிர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். வாயில்லாத மனுஷன் இதை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார் என்று எழிலிடம் கூடப் பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

இப்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் அதையே சொன்னார்கள், குடும்பத்துக்காகவே வாழ்ந்த மனுஷன், தனக்குன்னு ஒண்ணு வச்சுக்கல. எனக்கும் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்தது. ஏன் வைத்துக்கொள்ளவில்லை. யார் வேண்டாம் என்றது. எல்லோருக்கும் பார்த்துப் பார்த்துச் செய்தீர்கள், சரி, மங்கையை டியூஷன் வாசலில் மழையில் குடையோடு நின்று கூட்டிவந்தீர்கள், சரி, ஞானத்துக்கு மஞ்சள்காமாலை வந்தபோது கீழாநெல்லி தேடி வயல் வயலாக அலைந்தீர்கள், எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டீர்கள், கோணல் வகிடாக எடுத்துவிட்டு நேராக இருக்கு என்று சாதித்தீர்கள், எல்லாம் சரி. ஒரு வார்த்தை, ஒரே ஒரு நாள், எனக்கு இது வேண்டும் தையல் என்று சொல்லியிருந்தால் குறைந்தா போய்விடுவீர்கள். கல்யாண வீட்டில் கூட உட்கார்ந்து சாப்பிடமாட்டார், சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி பந்தியாகப் போவார், கடைசிப் பந்தியில் வாளி தீர்ந்த பிறகு எது மிச்சமோ அது. தீபாவளிக்கு எங்களுக்கெல்லாம் எடுத்துவிட்டுத் தனக்கு எதையோ எடுத்திருப்பார், எந்தக் கலர் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. இலைக்குப் பக்கத்தில் வைத்துப் படைக்க ஞானம் வேட்டி சட்டை வாங்கும்போது அதையும்தானே கேட்டான், அப்பாவுக்கு எந்தக் கலர்ம்மா என்று, வெள்ளையே எடுத்துவிடு என்று தப்பித்துக்கொண்டேன். நான் இவரோடு வாழ்ந்தேனா, இல்லை இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் என்னோடேயே வாழ்ந்துகொண்டிருந்தேனா. பயமாக இருக்கிறது. இந்த வயசில் புதிதாக ஒரு பயம். தெரியாத ஆளோடா இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்து எழுந்தேன் என்று ஒரு நினைப்பு வருகிறது, சீ, என்ன நினைப்பு இது, எழில் என்னையே பார்க்கிறாள், வெங்காயத்தை உரித்து முடித்து வெறும் தோலைக் கிள்ளிக்கொண்டிருக்கிறேன்.

குஞ்சம்மாவைக் கேட்டால் என்ன. எனக்கு முன்னாலேயே இவரைத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் மிச்சம். நாங்கள் எல்லோரும் வருவதற்கு முன்னால், புருஷன் ஆவதற்கு முன்னால், அப்பா ஆவதற்கு முன்னால், அரைக்கால் சட்டை போட்ட ஒரு சிவக்கொழுந்து இருந்திருப்பான் அல்லவா, அவனுக்கு ஏதாவது ஒன்று பிடித்திருக்கும் அல்லவா. கையைக் கழுவிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சின்னப் புள்ளையில ஒங்கண்ணனுக்கு என்ன பிடிக்கும் குஞ்சம்மா" என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. "அதிரசம் அண்ணி. அண்ணனுக்கு அதிரசம்னா உசுரு. அம்மா ஒளிச்சு வச்சிருக்கும், அண்ணன் எடுத்துக்கிட்டு வந்துரும். மாட்டுக் கொட்டாயில எனக்கு எடம் போட்டு ஒக்கார வச்சு, தின்னு தின்னுன்னு சொல்லும்" என்றாள். "அவரு திம்பாரா" என்று கேட்டேன். "திங்காம என்ன. எனக்கு ஒண்ணு குடுத்துட்டு, நான் தின்னு முடிக்கிறவரைக்கும் கையில வச்சுக்கிட்டே நிக்கும். அப்பறம் இன்னொண்ணு வேணுமான்னு கேக்கும்" என்றாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அவளுக்கும் அது அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது, முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டாள். "அதிரசம் வாங்கியாரச் சொல்லுங்க அண்ணி" என்றாள் சின்னக் குரலில். ஞானத்தைக் கடைக்கு அனுப்பினேன். அந்தச் சிறுவனும் அப்படித்தான் இருந்திருக்கிறான். இனி எங்கே போய்த் தேடுவது, இதற்கும் அடியில் என்ன இருக்கிறது.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் இவருக்கு வாய் கசந்துபோய்விட்டது. கை மட்டும் ஓயவில்லை, போர்வை ஓரத்தைப் பிடித்து மடிப்பார், நீவுவார், திரும்ப விரித்து மடிப்பார், கடையில் புடவை மடிப்பதுபோலவே. நர்ஸ் பெண் குனிந்து, "தாத்தா, என்ன சாப்பிடத் தோணுது, சொல்லுங்க, குடுக்கச் சொல்லிட்டாங்க" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்தது. இனி பத்தியம் தேவையில்லை என்று அர்த்தம். இவருக்கும் தெரிந்திருக்கும். இவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார். நான் ஏதோ பாசத்தில் பார்க்கிறார் என்று நினைத்து நெற்றியைத் தடவிக்கொடுத்தேன். இப்போது தெரிகிறது, என் கண் எதில் போய் விழுகிறது என்று தேடியிருக்கிறார். அந்த அறையில் விழுவதற்கு என்ன இருந்தது. சுவர், மருந்து பாட்டில், ஜன்னல் கம்பி. எனக்கு அன்றைக்கு எதிலும் ஆசை இல்லை, இவர் இருந்தால் போதும் என்று இருந்தது. இவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "எது இருக்கோ அது" என்றார். நர்ஸ் கஞ்சி கொண்டுவந்தாள்.

இலை போட்டாயிற்று. கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் தெற்கே பார்த்து இவர் படம், மாலை, விளக்கு, பக்கத்தில் மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி சட்டை, சொம்பில் தண்ணீர். மங்கை பூரியைக் கொண்டுவந்து வைத்தாள், உப்பினது கலைந்துவிடாமல் ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். ஞானம் நண்டை வைத்தான், கால்களை உடைத்துச் சதையைத் தனியாக எடுத்தே வைத்தான், நான் இலையின் ஓரமாக வைடா என்று மட்டும் சொன்னேன், ஏன் என்று அவன் கேட்கவில்லை. குஞ்சம்மா அதிரசத்தை வைத்தாள். எழில் சோற்றைப் பரிமாறி, சாம்பார், கூட்டு, அப்பளம், பாயசம் என்று வரிசையாக வைத்துவிட்டு, "அத்தை" என்று வத்தக்குழம்புக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். இலையைப் பார்த்தேன். எங்கள் எல்லோருடைய நாக்கும் அந்த இலையில் வரிசையாக இருந்தது. இவருடையது என்று ஒரு பருக்கை கூட இருக்கிறதா என்று தெரியாது. குழம்பைச் சோற்றின் பக்கத்தில் ஊற்றினேன், ரெண்டு சொட்டு பாயசத்தின் பக்கம் விழுந்துவிட்டது. ஞானம் தேங்காய் உடைத்தான். சாம்பிராணி போட்டார்கள். புகையில் எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள், மங்கை விம்மி விம்மி அழுதாள், எனக்கு அப்போதும் வரவில்லை.

"சரி, எல்லாரும் வெளியில வாங்க. கதவச் சாத்தணும்" என்றாள் குஞ்சம்மா. இதுவும் வழக்கம்தான், படைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும், வந்து சாப்பிடுகிறவரை யாரும் பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத் திறக்கலாம். என் மாமனாருக்கும் மாமியாருக்கும் இதே அறையில் படைத்திருக்கிறோம், அப்போதெல்லாம் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தோம். நான்தான் கடைசியாக வந்தேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளில் கை இருந்தது. உள்ளே சத்தம் இல்லை, விளக்கும் புகையும்தான். அப்போதுதான் அது எனக்கு உறைத்தது. இவர் தனியாக இருக்கிறார். முன்னால் இலை, எதிரே யாரும் இல்லை. மங்கை இல்லை, ஞானம் இல்லை, குஞ்சம்மா இல்லை, நான் இல்லை. பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு முகம் கூட இல்லை. இவர் வாழ்நாளில் இப்படி ஒரு இலைக்கு முன்னால் உட்கார்ந்ததே இல்லை. என்ன செய்வார். கை நீளுமா. நீட்டிவிட்டுத் திரும்பி வாசலைப் பார்ப்பாரா, யாராவது வருகிறார்களா என்று. கதவைத் தள்ளிக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்துவிட வேண்டும் போலிருந்தது, சாப்பிடுங்க, நான் இருக்கேன் என்று. தள்ளப் போன கையை நானே பிடித்து நிறுத்தினேன். நான் போனால் என் முகத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு நேரே வத்தக்குழம்பில் கை வைப்பார்.

ரொம்ப நேரம் ஆகிவிட்டதோ என்னவோ. பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "போதும் அண்ணி, தொறக்கலாம். புள்ளைங்கல்லாம் பசியோட இருக்கு" என்றாள் குஞ்சம்மா. ஞானம் பக்கத்தில் வந்து என் தோளைத் தொட்டான். "அம்மா, தள்ளிக்கம்மா, நான் தொறக்கறேன்." நான் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். இப்போது கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். உங்களுக்கெல்லாம் பசிக்கட்டும், ஒரு நாள் பசித்தால் ஒன்றும் ஆகிவிடாது.

"இரு ஞானம்" என்றேன். "அவருக்கு எது புடிக்கும்னு அவரு இப்பத்தான் பாத்துக்கிட்டு இருக்காரு. அவசரப்படுத்தாதீங்க."